மண்புழுவா, ஈப்புழுவா: வன்னியில் கழிவைப் பசளையாக்கல்

இலங்கையில் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, சேதனப் பசளையை ஊரிலேயே ஆக்கிக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பதை வன்னி விவசாயிகள் நேரடியாகவே உணர்ந்தார்கள்.

மண்புழுத் தொட்டி, மாட்டெருவையும் வைக்கோலையும் இரண்டு மூன்று மாதங்களில் பொலபொலவென்ற பசளையாக்கித் தரும். அதை நாற்றுமேடைக்கும் இடலாம். ஆனால் தொட்டியின் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் புழுக்கள் மடியத் தொடங்கும் என்பதால், கிணறு வற்றும் கோடையிலும் கிடுகு நிழலும் ஈரச் சாக்கும் தவறக்கூடாது.

மற்ற வழியான கறுப்புச் சிப்பாய் ஈயின் (black soldier fly) புழுவுக்கோ, நிழல் மட்டும் இருந்தால் நமது வெக்கையே வாய்ப்பானது. மண்புழுவுக்கு ஒவ்வாத மீன் குடலையும், சந்தையில் அழுகிய தக்காளியையும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தின்று வளர்ந்து, முற்றியதும் கருநிறமாகி, சரிவான பலகை வைத்திருந்தால் அதன்மீது தானாகவே ஏறி வெளியேறும். அவற்றைக் கோழிக்குப் போடலாம். வளர்ந்த ஈ, வீட்டு ஈயைப்போல நமது சாப்பாட்டில் மொய்ப்பதில்லை.

மாடும் வைக்கோலும் மட்டுமுள்ளவருக்கு மண்புழுவே போதும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கோழி வளர்ப்பவருக்கோ ஈப்புழுவையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். புழு தின்றபின் எஞ்சும் எச்சமே பசளை; ஆனால் அதைச் சில வாரங்கள் மக்கவிட்டே பயிருக்கு இடவேண்டும், இல்லையேல் இளம் வேர் கருகக்கூடும்.