செஸ் போட்டி அறிவிப்புக்கு எது சரி: வாட்ஸ்அப் குரூப்பா, டெலிகிராம் சேனலா, தனி இணையப் பக்கமா?

எங்கள் ஊர் செஸ் சங்கத்தில் எனக்கு இணைச் செயலாளர் என்று ஒரு பதவி. பெயர்தான் பெரிது. போட்டி நாளில் மேசை போடுவதும், மற்ற நாட்களில் "சார், அடுத்த டோர்னமென்ட் எப்போ?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும்தான் வேலை. மகள் ஆடுவதை வேடிக்கை பார்க்கப் போனவன், மைக் பிடிக்க ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிக்கொண்டேன்.

பல வருஷமாக எங்களுக்கு எல்லாமே வாட்ஸ்அப் குரூப்தான். நடுவில் மூன்று மாதம் டெலிகிராம் சேனல் நடத்திப் பார்த்தோம். இப்போது பதினான்கு மாதமாக, இலவச கூகுள் சைட்ஸில் ஒற்றைப் பக்கம் ஒன்றை வைத்து ஓட்டுகிறோம். வாட்ஸ்அப்பும் கூடவே இருக்கிறது. ஆனால் அதன் வேலை வேறு. நான் பக்கத்தின் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபேஸ்புக்கை ஒரே வரியில் முடித்துவிடலாம். கோப்பையோடு நிற்கிற படம் போடுவதற்கு நல்ல இடம். ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று வியாழக்கிழமை போட்டால், சிலர் கண்ணில் செவ்வாய்க்கிழமைதான் படுகிறது. லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு டீம் இருக்கிறது. உறுப்பினர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் அங்கே கணக்கு வைத்திருப்பது பிள்ளைகள். என்ட்ரி ஃபீஸ் கட்டுவது அப்பா அம்மா. பயிற்சி ஆட்டத்துக்கு மேல் அதை நாங்கள் பயன்படுத்தவில்லை.

வாட்ஸ்அப் குரூப்பின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஆள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். ஆரம்பத்தில் 256 பேர் என்ற வரம்பு எங்களுக்குப் பெரிய தலைவலி. இரண்டாவது குரூப், மூன்றாவது குரூப் என்று போய், எதில் என்ன போட்டோம் என்பது எங்களுக்கே மறந்துவிடும். 2022-ல் அது 512 ஆகி, பிறகு 1024 ஆனது. இடப் பிரச்சினை தீர்ந்தது, இரைச்சல் கூடியது. காலை வணக்கம், பிறந்தநாள் கேக், "தேங்க்யூ சார்" நாற்பது. அட்மின் மட்டுமே பேசலாம் என்று பூட்டினால் அமைதிதான். ஆனால் சந்தேகம் கேட்க ஒவ்வொருவரும் தனித்தனியாக என் போனுக்கு வருவார்கள். இன்னொன்று, எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்குழந்தையின் அம்மா, முகம் தெரியாத யாரோ தினமும் தனியாகக் குட்மார்னிங் அனுப்புவதாகச் சொன்னார். அன்றைக்கு எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலில் இந்தத் தொல்லை இல்லை. பின்தொடர்கிறவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது.

டெலிகிராம், கருவி என்ற அளவில், இதைவிட நல்லது என்பதே என் எண்ணம். நேற்றுச் சேர்ந்தவரும் போன வருஷத்து அறிவிப்பைப் பார்க்கலாம். சேனலில் போட்டதை அட்மின் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பெரிய கோப்பும் தடையில்லாமல் போகும். ஆனால் எங்கள் ஊரில் பெற்றோர் பாதிப் பேர்கூட வரவில்லை. "அது சினிமா டவுன்லோடு பண்றதுதானே சார்?" என்று ஒருவர் கேட்டார். வந்தவர்களும் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு மறந்துபோனார்கள். கல்லூரிப் பசங்கள் அதிகம் ஆடுகிற பெருநகர கிளப்பாக இருந்தால் கதை வேறாக இருக்கலாம். எங்களுடையது ஒன்பது வயதுக்குட்பட்டவர்களும் பதினொரு வயதுக்குட்பட்டவர்களும் நிறைந்த கூட்டம்.

சரி, எதை வைத்து முடிவெடுத்தோம்? செலவை வைத்து இல்லை, ஆள் எண்ணிக்கையை வைத்தும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: அறிவிப்பு மாறினால், பழைய அறிவிப்பை ஒழிக்க முடியுமா?

அந்தக் கேள்வியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பள்ளியில் போட்டி என்று ப்ராஸ்பெக்டஸ் (போட்டி விவர அறிவிப்பு) அடித்து, பி.டி.எஃப். ஆகக் குரூப்பில் போட்டிருந்தோம். வியாழக்கிழமை பள்ளியில் ஹால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அலைந்து திரிந்து, ஊருக்கு மறுகோடியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம். புது பி.டி.எஃப். தயார் செய்து, "முக்கியம்! இடம் மாற்றம்" என்று போட்டு, மூன்று தடவை அனுப்பினோம். கடமை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு, முப்பது கிலோமீட்டர் தாண்டி முதல் பஸ்ஸில் இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்த ஒரு அப்பா, பூட்டிய பள்ளி கேட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ப்ராஸ்பெக்டஸில் இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறார். அது என் நம்பர். நான் மண்டபத்தில், கையில் மைக்கோடு, போர்டு நம்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ பிடித்து அவர் வந்து சேர்ந்தபோது பத்தேகால். முதல் ரவுண்டு ஒன்பதரைக்கு. தாமத வரம்பு அரை மணி நேரம் என்று நாங்களே போட்டிருந்தோம். அந்த வரம்பைத் தாண்டி வந்தால் ஆட்டம் தோல்விதான். ஆர்பிட்டர், அதாவது நடுவர், வேறு முடிவெடுத்தால்தான் உண்டு. அன்றைக்கு எடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு புள்ளி போயிற்று.

அவர் சண்டை போடவில்லை. போனை நீட்டி, "இதுல ஸ்கூல்னுதானே சார் போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டார். எங்கள் லெட்டர்ஹெட், எங்கள் செயலாளர் கையெழுத்து. அவருடைய பிள்ளைகளின் கோச் முதல் நாளே அந்த பி.டி.எஃப்.-ஐத் தன் அகாடமி குரூப்புக்கு ஃபார்வேர்டு செய்திருக்கிறார். புதியது அங்கே போகவே இல்லை. அவர் எங்கள் குரூப்பிலேயே கிடையாது.

இதில் கோச் மீது குற்றமில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். இரண்டரை நாள் வரை எல்லோருக்குமாகச் சேர்த்து அழிக்கலாம். ஆனால் அதெல்லாம் எங்கள் குரூப்பில் இருக்கும் பிரதிக்கு மட்டும். ஃபார்வேர்டாகிப் போன பிரதி வேறு வீட்டுப் பிள்ளை, நம் பேச்சைக் கேட்காது. டெலிகிராமில் திருத்தம் எளிது என்றேன். அங்கேயும் யாராவது பி.டி.எஃப்.-ஐ இறக்கி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் இதே கதிதான்.

பெரிய அமைப்புகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று அப்புறம்தான் கவனித்தேன். 2024 மார்ச் 1-ஆம் தேதி உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ஆட்டக்காரரின் பலத்தை எண்ணில் சொல்லும் ரேட்டிங் முறையை மாற்றியது நினைவிருக்கும். குறைந்தபட்ச ரேட்டிங் 1000-லிருந்து 1400 ஆனது. 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-க்கும் அவர்கள் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் 40 சதவீதம் ஒரே தடவையாகக் கூட்டப்பட்டது. 1100-ல் இருந்த எங்கள் பையன் ஒருவன் காலையில் எழுந்தபோது 1460. குரூப்பில் ஒரே கூத்து. "தப்பா ஏறிடுச்சு, அடுத்த மாசம் இறக்கிடுவாங்களாம்" என்றார் ஒருவர். "பழைய ரேட்டிங் இனி செல்லாதாம்" என்றார் இன்னொருவர். இரண்டும் எங்கிருந்தோ வந்த ஃபார்வேர்டு. ஃபிடே தளத்தில் விளக்கம் சூத்திரத்தோடும் அமலாகும் தேதியோடும் இருந்தது. லிங்க்கைப் போட்டேன். படித்தவர் ஒருவரோ இருவரோதான். வதந்தி பத்து நாள் ஓடியது. பெரிய அமைப்பிடம் பக்கம் இருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. எங்களிடம் சத்தம் இருந்தது, பக்கம் இல்லை.

ஃபிடேயிடமிருந்து ஒரு வழக்கத்தைக் கடன் வாங்கினேன். அவர்களுடைய கையேட்டில் எந்த விதியைத் திறந்தாலும் எந்தத் தேதியிலிருந்து அமல் என்று இருக்கும். இப்போதைய ஆட்ட விதிகளுக்கு 2023 ஜனவரி 1. எங்கள் பக்கத்தின் உச்சியிலும் ஒரு வரி: "கடைசியாகத் திருத்தியது", அதன் பக்கத்தில் நாளும் நேரமும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் போட்டிக்கு முந்தின நாள் இரவு அந்த நேரத்தைப் புதுப்பித்துவிடுவேன். அப்போதுதான் பார்க்கிறவருக்கு நம்பிக்கை வரும்.

பக்கத்தில் அதற்குக் கீழே அதிகமாக ஒன்றும் இல்லை. அடுத்த போட்டியின் இடம், நேரம், வயது வரம்பு, கட்டணம், கடைசி நாள். கடிகாரமும் போர்டும் கொண்டுவர வேண்டுமா என்ற ஒரு வரி. முடிந்த போட்டிகளின் லிங்க். தலைவரின் வாழ்த்துரையைப் படத்தோடு போடச் சொன்னார்கள். அதற்கு வேறு பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

இடம் மாறினால் பழைய இடத்தை அழிக்க மாட்டேன். அதன் மேல் கோடு போட்டு, அருகில் புதிய இடத்தை எழுதுவேன். அழித்துவிட்டால், பள்ளி என்று கேள்விப்பட்டு வந்தவர் இது வேறு போட்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கோடு போட்ட பள்ளியைப் பார்த்தால்தான் மாறியது புரியும். பி.டி.எஃப். கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்காக அதை கூகுள் டிரைவில் வைத்து லிங்க் மட்டும் தருகிறோம். டிரைவில் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. பழைய கோப்பின் இடத்தில் புதியதை ஏற்றினாலும் லிங்க் மாறாது. எங்கெங்கோ ஃபார்வேர்டாகிப் போன லிங்க்கும் புதியதைத்தான் திறக்கும்.

அதெல்லாம் சரி, லிங்க்கை யார் தட்டுகிறார்கள்? இந்தக் கேள்வி நியாயமானது. முதல் இரண்டு போட்டிக்கு நாங்களும் இதில் அடி வாங்கினோம். லிங்க்கைத் தொட்டால் பேங்க் பணம் போய்விடும் என்று ஊரெல்லாம் பயம். எல்லா விவரமும் போஸ்டரிலேயே இருந்தால் பக்கத்துக்கு ஏன் போக வேண்டும்? அதனால் போஸ்டரில் இடத்தையும் நேரத்தையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். போட்டியின் பெயர், தேதி, ஒரு கியூ.ஆர். கோடு, "இடமும் நேரமும் பக்கத்தில் மட்டும்" என்ற வரி. அவ்வளவுதான். குரூப்பில் திட்டினார்கள். "இதைப் போடறதுக்கு என்ன சார் கஷ்டம்?" என்றார்கள். ஆனால் பக்கத்துக்குப் போனார்கள்.

இன்னொரு தந்திரம் செஸ்-ரிசல்ட்ஸிலிருந்து. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹைன்ஸ் ஹெர்சாக் நடத்தும் தளம் அது; ஆர்பிட்டர்கள் ஸ்விஸ்-மேனேஜர் மென்பொருளில் பேரிங் (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல்) போட்டு அங்கே ஏற்றுவார்கள். பார்ப்பதற்குப் பழைய காலத்து அட்டவணைதான். முடிந்து கொஞ்ச நாளான போட்டியென்றால், விவரத்தைக் காட்டச் சொல்லித் தனியாக ஒரு பொத்தானை வேறு அழுத்த வேண்டும். இருந்தும், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே எங்கள் பெற்றோர் அத்தனை பேரும் அங்கே போகிறார்கள். காரணம் எளிது, அங்கே பிள்ளையின் பெயர் இருக்கிறது. அதனால் எங்கள் பக்கத்திலும் என்ட்ரி வந்து சேர்ந்த பெயர்களைப் போட ஆரம்பித்தோம். பெயரும் வயதுப் பிரிவும் மட்டும், நம்பர் கிடையாது. பணம் கட்டியவர்கள் தங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று தினமும் வந்து பார்க்கிறார்கள். வந்த இடத்தில் மண்டபத்தின் பெயரும் கண்ணில் படுகிறது. "சார், ஜிபே பண்ணேன், வந்துச்சா?" என்ற போனும் பாதிக்குப் பாதி குறைந்தது.

பொறுப்பு கைமாறும்போது எது தாங்கும் என்பதில் எனக்கு அனுபவம் போதாது. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அழிந்துவிடும். டெலிகிராம் சேனலின் உரிமையை மாற்றிக்கொடுக்கலாம். அதற்கு இரட்டைப் பூட்டு கடவுச்சொல் முன்பே போட்டிருக்க வேண்டும். கூகுள் கணக்கையும் இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் நீக்க வாய்ப்புண்டு. பக்கத்தைத் திருத்தும் உரிமையை மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன். சங்கத்து மெயிலின் கடவுச்சொல்லை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவைக்கலாம் என்றார் தலைவர். அந்தப் புத்தகமே இரண்டு வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை. நான் விலகிய பிறகு இந்தப் பக்கம் உயிரோடு இருக்குமா என்பதை அடுத்து வருகிறவர்தான் சொல்ல வேண்டும். அதே மாதிரி, எங்களுடையது நூற்றைம்பது, இருநூறு பிள்ளைகள் ஆடும் போட்டி. மாநில அளவில் இது செல்லுபடியாகுமா என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

அவசரத்துக்குக் கத்த, வாட்ஸ்அப்பை விட்டால் வழியில்லை. அங்கே குரூப்பை விட்டுவிட்டு சேனலுக்கு மாறிவிட்டோம். அதில் போவது ஒரே மாதிரிச் செய்தி: "பக்கத்தில் மாற்றம் இருக்கிறது, பாருங்கள்." கூடவே அதே லிங்க்.

போன போட்டிக்கும் இடம் மாறியது. வெள்ளிக்கிழமை பெய்த மழையில் ஹாலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இரவு எட்டு மணிக்குப் பக்கத்தில் ஒரு வரிக்குக் கோடு போட்டு இன்னொரு வரி எழுதினேன். சேனலில் ஒரு செய்தி. ஞாயிறு காலை பழைய ஹாலுக்குப் போனவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தவர்கள். மூன்றாமவர் எங்கள் பொருளாளர்.