ஜூன் மாதச் சனிக்கிழமைக்குப் புகையா, இடிமழையா: எதற்கு எதைப் பார்ப்பது?

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஜூன் பிறந்தால் ஊர்ச்சங்க ஒன்றுகூடல், பழைய மாணவர் விளையாட்டுப் போட்டி, வெளியில் வைக்கும் கலியாண வரவேற்பு என்று ஒரு சனிக்கிழமையும் சும்மா போவதில்லை. முன்பெல்லாம் மழை வருமா என்று மட்டும்தான் கேட்போம். 2023 அந்தக் கேள்வியை இரண்டாக்கிவிட்டது. அந்த ஆண்டு கனடாவில் ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. ஜூன் முதல் வாரம் கியூபெக் தீயின் புகை ஒட்டாவா, ரொறன்ரோ வழியே இறங்கி, நியூயோர்க் வானத்தையே செம்மஞ்சளாக்கியது.

புகையை அளக்க நம் கைத்தொலைபேசியில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் பெரிய குழப்பம். ஒருவர் "ஆறுதானே" என்பார், இன்னொருவர் "நூற்று அறுபது" என்று பதறுவார். இருவரும் சுவாசிப்பது ஒரே காற்றைத்தான்.

ஆறு என்பது கனடாவின் ஏகியூஎச்ஐ (AQHI), அதாவது காற்றுத்தர உடல்நலக் குறியீடு. 1 முதல் 10 வரை போகும், அதற்கு மேல் 10+. நைட்ரஜன் டைஒக்சைட், ஓசோன், நுண்துகள் (புகையில் மிதக்கும் மிகச் சிறு துகள், PM2.5) மூன்றின் மூன்று மணிநேரச் சராசரியைச் சேர்த்துக் கணக்கிடுவது அதன் அடிப்படைச் சூத்திரம். நகரத்து வாகனப் புகைக்கு இது நல்ல அளவுகோல். காட்டுத்தீ நாளில் நுண்துகள் மட்டும் ஏறி மற்ற இரண்டும் ஏறாமல் இருந்தால், மொத்த எண் ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிடும். பிரிட்டிஷ் கொலம்பியா இதைக் கண்டுதான், புகைநாட்களில் ஒரு மணிநேர நுண்துகளை மட்டும் வைத்துக் கணிக்கும் முறையைச் சேர்த்தது.

நூற்று அறுபது என்பது அமெரிக்க ஏகியூஐ (AQI), அதாவது காற்றுத்தரக் குறியீடு. 0 முதல் 500 வரை. ஒவ்வொரு மாசையும் தனியே கணித்து, மிக மோசமானதையே எண்ணாகத் தரும். நுண்துகள் ஒரு கனமீற்றரில் 65 மைக்ரோகிராம் என்றால் இது "உடல்நலத்துக்குக் கேடு" என்ற சிவப்புக்குப் போய்விடும். அதே காற்றுக்கு ஏகியூஎச்ஐயின் அடிப்படைச் சூத்திரம் "மிதம்" என்று சொல்லவும் கூடும்.

என் தீர்ப்பு தெளிவு: புகைநாளில் ஏகியூஐ. அதிலும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் வனத்துறையும் சேர்ந்து நடத்தும் தீ-புகை வரைபடம். வீடுகளில் பொருத்திய சிறு உணரிகளின் அளவையும் திருத்திச் சேர்த்துக்கொள்வதால், ஸ்காபரோவுக்கும் பிரம்ரனுக்கும் உள்ள வித்தியாசம்கூடத் தெரியும். கனடாவின் எல்லைக்குள்ளும் அது வேலை செய்கிறது. ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ இதயநோய் உள்ள அம்மம்மாவோ வருவதாக இருந்தால் ஏகியூஎச்ஐயையும் திறந்து பாருங்கள். நோயாளருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று அது தனித்தனியே அறிவுரை தருகிறது.

நாளைய புகைக்கு கனடா வானிலைத் துறையின் ஃபயர்வேர்க் வரைபடமும் ஃபயர்ஸ்மோக் தளமும் உள்ளன. இரண்டுமே கணினி மாதிரிகள், இரண்டு மூன்று நாள் முன்கூட்டிக் காட்டுபவை. புகை வருமா என்பதற்கு நம்பலாம், எத்தனை மணிக்கு என்பதற்கு அவ்வளவாக இல்லை. வியாழன் மாலை இரண்டையும் பார்த்து, இரண்டும் புகை என்றால் உள்மண்டபம் தேடத் தொடங்கலாம்.

இடிமழைக்கு இந்த வசதி இல்லை. "40% மழை" என்ற எண் எத்தனை மணிக்கு, எந்தப் பூங்காவில் என்று சொல்லாது. அன்று காலை பார்க்கவேண்டியது ராடார். புதிய கனடிய ராடார்கள் 6 நிமிடத்துக்கு ஒருமுறை படம் தருகின்றன. ரொறன்ரோவுக்கு மேற்கே, ஒன்ராறியோவின் லண்டன், கிச்சினர் பக்கம் கடும் மழையைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்று கிழக்கே நகர்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மணிநேரம்தான். 2022 மே 21, நீண்ட வாரவிடுமுறையின் சனிக்கிழமை, அப்படி வந்த புயல்வரிசை ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் ஓடியது. கிச்சினர் விமானநிலையத்தில் மணிக்கு 132 கிலோமீற்றர் காற்று பதிவானது. குறைந்தது 10 பேர் இறந்தனர், பலர் மரம் விழுந்து. பூங்காக் கொட்டிலும் கூடாரமும் இதற்குப் பாதுகாப்பல்ல. கட்டடம் அல்லது கார், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை.

பருவகால முன்னறிவிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெப்பம் கூடுமா என்பதில் ஓரளவு பலன் உண்டு, மழையில் குறைவு. காற்று வடிகட்டியும் என்95 முகக்கவசமும் மே மாதமே வாங்கி வைக்க அது போதும், தேதி குறிக்க உதவாது.

புகையையும் இடியையும் தனித்தனிச் செயலியில் பார்க்கிறவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. கோடையில் இங்கே இடிமழையைக் கொண்டுவரும் குளிர்முகப்பு (வெப்பக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்ததும் காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கும். வடமேற்கு ஒன்ராறியோவிலோ மனிற்றோபாவிலோ தீ எரிந்தால் அதன் புகையும் அந்தக் காற்றோடு இறங்கும். மழை விட்டது, வெக்கை போனது என்று வீட்டு யன்னல் எல்லாம் திறக்கும் நேரம் அதுவே. ஆகவே இடி ஓய்ந்த பிறகு ராடாரை மூடிவிட்டுப் புகை வரைபடத்தைத் திறந்து, சட்பரி, தண்டர் பே பக்கம் என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்பாக இருந்தால் யன்னலைச் சாத்தி, குளிரூட்டியை உள்காற்றுச் சுழற்சியில் ஓடவிடுங்கள்.