சேதராப்பட்டா, வானூரா?

எனக்கு வீடு புதுச்சேரியில். அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு இடம் தேடியபோது இரண்டு இடங்கள் அமைந்தன. ஒன்று சேதராப்பட்டு, புதுச்சேரி மண். இன்னொன்று வானூர் வட்டம், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். இடையில் சில கிலோமீட்டர்தான். ஒரே சாலையில் போகும்போதே கடைப் பலகைகளில் இரண்டு பெயரும் மாறி மாறி வரும். நான் வானூரை எடுத்தேன். ஏன் என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ரோடு, தண்ணீர், ஆள் கிடைப்பது எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். டீசல் புதுச்சேரியில் மலிவு, ஆனால் பட்டறை எங்கே இருந்தாலும் வண்டியை அங்கே விட்டுப் போட்டுக்கொள்ளலாம். கரண்டில் புதுச்சேரிக்குத்தான் சாதகம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் ஏறியதிலிருந்து ஒவ்வொரு பில்லிலும் அது எனக்கு உறைக்கிறது.

வரி? ஒரு காலத்தில் பேச்சே அதுதான். விற்பனை வரிச் சலுகை, புதுத் தொழிலுக்கு வருமான வரி விலக்கு என்று கம்பெனிகள் புதுச்சேரிக்கு வந்து குவிந்தன. சலுகைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி, 2017-இல் ஜிஎஸ்டியும் வந்தபின் அந்த ஈர்ப்பு போய்விட்டது. எல்லையின் தொல்லை மட்டும் மிச்சம். வானூரிலிருந்து புதுச்சேரியின் கோரிமேட்டுக்கு ஒரு லோடு அனுப்பினாலும் மாநிலம் தாண்டிய விற்பனைதான். சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: கடைசிக் கையெழுத்து யாருடையது?

2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். தொகுதிகள் 30. அதாவது எம்எல்ஏ ஒருவருக்குச் சுமார் 40,000 பேர். தமிழ்நாட்டில் அது மூன்று லட்சம். புதுச்சேரியில் எம்எல்ஏவை டீக்கடையில் பிடிக்கலாம், அமைச்சர் நம் வீட்டுக் கல்யாணத்துக்கே வருவார். நியாயமாகப் பார்த்தால் தொழில் செய்கிறவனுக்கு இதைவிட வசதி வேண்டாம். ஆனால் அவர் சரி என்று சொல்வதால் காரியம் முடிந்துவிடாது. 1963 யூனியன் பிரதேசச் சட்டத்தின் அமைப்பில் துணைநிலை ஆளுநர் இருக்கிறார், அவருக்கு மேலே டெல்லி. துணைநிலை ஆளுநராகக் கிரண் பேடியும் முதல்வராக நாராயணசாமியும் இருந்த காலத்தில் ரேஷனில் அரிசி தருவதா, பணம் தருவதா என்ற சண்டையே நீதிமன்றம் வரை போனது. அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2020 மார்ச்சில் இரு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அரிசிக்கே இந்தப் பாடு என்றால், ஒரு பட்டறையின் மானியக் கோப்பை நம்பி வங்கியில் கடன் வாங்க எனக்குத் துணிவில்லை.

பணத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டுக்கு நிதிக்குழு வழியாக மத்திய வரியில் பங்கு உண்டு. புதுச்சேரிக்கு அது கிடையாது, மத்திய அரசு கொடுக்கும் மானியம்தான். முழு பட்ஜெட்டுக்கும் டெல்லி ஒப்புதல் வேண்டும் என்பதால், மார்ச்சில் இடைக்காலச் செலவுக்கு அனுமதி, முழு பட்ஜெட் சில மாதம் கழித்து என்பது பல ஆண்டுகளாகப் பார்த்த காட்சி. உள்ளாட்சித் தேர்தல் 2006-இல் நடந்தது, அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் அடுத்தது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 1898-இல் தொடங்கிய புதுச்சேரியின் ஏஎஃப்டி துணி மில் 2020-இல் மூடப்பட்டதற்குக் காரணம் இது மட்டுமல்ல. நஷ்டம், பழைய இயந்திரம் எல்லாம் உண்டு. ஆனாலும் அந்த வாசலைத் தாண்டும்போது எனக்கு இந்தக் கோப்புகள்தான் ஞாபகம் வரும்.

அதற்காகத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1979-இல் இணைப்புப் பேச்சு வந்தபோது தெருவில் இறங்கிய ஊர் இது. அப்புறம், வானூரில் எல்லாம் வெண்ணெய் போல நடக்கிறது என்றும் சொல்லமாட்டேன். மாவட்டத் தலைநகரம் விழுப்புரம், ஒரு வேலைக்குப் போய்வந்தால் அரை நாள் காலி. நிலப் பயன்பாட்டை மாற்ற அலைந்த அலைச்சல் தனிக்கதை. ஆனால் எந்த மேஜையில் தாள் நிற்கிறது என்று தெரிந்தது, அங்கே போய் நின்றேன்.

இது பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையின் கணக்கு. பெரிய ஆலை வைப்பவர்களுக்கோ, பக்கத்திலேயே துறைமுகம் உள்ள காரைக்கால்காரர்களுக்கோ இது பொருந்த வேண்டியதில்லை. மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. அது கிடைத்தால் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பேன். இப்போதைக்கு தினமும் காலையில் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறேன், டீசல் மட்டும் திரும்பும்போது.