முதல் விண்மீன் படத்துக்கு எந்த லென்ஸ்: 18-55, 50, 14?

ஒரு டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு ட்ரைபாட். இரவு வானத்தைப் படமெடுக்க ஆசைப்படும் பலரிடம் தொடக்கத்தில் இவ்வளவுதான் இருக்கும். அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால், "14 எம்எம் எஃப் 2.8 அகல லென்ஸ் வாங்கு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நான் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

லென்ஸின் குவியத்தூரத்தை (எம்எம்மில் சொல்லும் எண்) எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாசலின் விட்டம் வந்துவிடும். கிட் லென்ஸ் 18-இல் எஃப் 3.5, வாசல் 5 மில்லிமீட்டர் சொச்சம். 14 எஃப் 2.8-க்கு வாசல் 5 மில்லிமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! 50 எஃப் 1.8-க்கோ 28 மில்லிமீட்டர். விண்மீன் என்பது ஒரு புள்ளி. அதன் ஒளி எவ்வளவு சென்சாருக்கு வரும் என்பது அந்த வாசலின் பரப்பைப் பொறுத்தது. நிறையப் பணம் கொடுத்து அகல லென்ஸ் வாங்கியும் மங்கலான விண்மீன்கள் கூடுதலாகத் தெரியவில்லையே என்று வருந்துபவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

50-இலும் குறை உண்டு. முழுதாகத் திறந்து வைத்தால் மூலைகளில் உள்ள விண்மீன்கள் சிறகு விரித்த பறவை போல இழுபடும், பிரகாசமானவற்றைச் சுற்றி ஊதா நிறம் படியும். எஃப் 2.5-க்குக் குறைத்தால் இரண்டும் வெகுவாக அடங்கும். அப்போதும் வாசல் 20 மில்லிமீட்டர். பரப்பில் கிட் லென்ஸைப் போல 15 மடங்கு.

சரி, பூமி சுழல்கிறதே? குவியத்தூரம் கூடக் கூட விண்மீன் சீக்கிரமே கோடாக நீளும். 500-ஐக் குவியத்தூரத்தாலும் கிராப் மடங்காலும் (முழு அளவு சென்சாரைவிட உங்கள் சென்சார் எத்தனை மடங்கு சிறியது என்ற எண்; கேனானில் 1.6, நிக்கானில் 1.5) வகுத்து வரும் நொடிகள்வரை ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்பது பழைய விதி. இன்றைய 24 மெகாபிக்சல் சென்சார்களுக்கு 500-க்குப் பதில் 300 எடுத்துக்கொள்வது நல்லது. அந்தக் கணக்கில் கேனானில் 14 எம்எம்முக்கு 13 நொடி, 18-க்கு 10 நொடி, 50-க்கு 4 நொடிக்கும் சற்றுக் குறைவு. நேரம் இப்படிச் சுருங்கிய பிறகும் 50 எம்எம் ஒவ்வொரு விண்மீனிலிருந்தும் கிட் லென்ஸைவிட ஐந்து மடங்கு ஒளியை வாங்கித் தருகிறது.

நான்கு நொடிப் படம் ஒன்று மட்டும் போதாது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 1600 அல்லது 3200-இல், ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலக் கோப்பு), வரிசையாக 64 படம் எடுங்கள். பிறகு சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்காக, லென்ஸ் மூடியைப் போட்டு அதே அமைப்பில் இருபது கறுப்புப் படம். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவச மென்பொருள்கள். ஏதாவது ஒன்றில் எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) எட்டில் ஒரு பங்காகும், ஏனென்றால் 64-இன் வர்க்கமூலம் 8. ஓரியனின் வாளில் இருக்கும் நெபுலா (வாயு மேகம்) இளஞ்சிவப்பாக எழுந்து வருவதை முதன்முறை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராப் சென்சாரில் 50 எம்எம் சுமார் 25 பாகை அகலத்தைப் பிடிக்கும். கார்த்திகையும் ரோகிணியும் ஒரே சட்டகத்தில் வரும். கேட்டையிலிருந்து மூலம் வரை தேளின் உடல் முழுக்க வரும். திருவாதிரை தொடங்கி ஓரியன் முழுவதும் அடங்கும். நாம் காலங்காலமாகப் பெயர் சொல்லி வரும் விண்மீன் கூட்டங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற லென்ஸ் இது.

அகல லென்ஸ் வெல்லும் இடம் ஒன்று உண்டு: மலைக்கு மேல் எழும் பால்வழி. பால்வழி புள்ளியாக இல்லாமல் பரந்த ஒளியாக இருப்பதால் அங்கே எஃப் எண்தான் கணக்கு. கூடுதல் நொடிகளையும் சேர்த்தால் 14 எஃப் 2.8 கிட் லென்ஸைப் போல இரண்டு மடங்கு ஒளி தரும். சுமார் 77 பாகை அகலத்தில் மரம், பாறை, வானம் எல்லாம் அடங்கும். உங்கள் மனத்தில் இருப்பது அந்தப் படம் மட்டும்தான் என்றால், 50-ஐ விட்டுவிட்டு இதையே வாங்குங்கள்.

கிட் லென்ஸை வீட்டில் போட்டுவிட வேண்டாம். விண்மீன் தடங்களுக்கு அது போதும். 30 நொடிப் படங்களாக 120 எடுத்தால் ஒரு மணி நேரத் தடம் கிடைக்கும். ட்ரைபாடில் வைத்ததும் அதன் நடுக்கத் தடுப்பை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ட்ராக்கர். ஸ்கைவாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் போன்ற கருவிகள் வானத்தோடு சேர்ந்து கேமராவையும் மெல்லத் திருப்பும். 50 எம்எம்மில் இரண்டு நிமிடம்கூடத் திறந்து வைக்கலாம். ஆனால் அதன் அச்சைத் துருவ விண்மீனை நோக்கிச் சரிசெய்ய வேண்டும். ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கும் பக்கத்தில், துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் 12 பாகை சொச்சம்தான். ஒரு குன்றோ தோப்போ போதும் மறைக்க. மறைக்காவிட்டாலும் அடிவானப் புகைமூட்டம் விழுங்கிவிடும். மேலைநாட்டுக் காணொளிகளில் இரண்டே நிமிடத்தில் முடியும் வேலை இங்கே பாதி இரவைத் தின்னும். ட்ராக்கர் இரண்டாம் ஆண்டுக்கு இருக்கட்டும்.

எந்த லென்ஸானாலும் ஃபோகஸ் தவறினால் எல்லாம் வீண். எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறை) மாற்றி, லைவ் வியூவில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு வளையத்தைத் தொடவே கூடாது. ஷட்டருக்கு இரண்டு நொடி டைமர் போதும்.

50 கைக்கு வந்ததும் சித்திரை மாத அமாவாசையை ஒட்டிய ஒரு தெளிந்த இரவைத் தேர்ந்தெடுங்கள். பத்து மணிக்கு மேல், தெற்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து இருக்கும். லண்டனில் அது எழுவதே இல்லை. பத்து நொடிகூட வேண்டாம், நான்கு நொடியிலேயே கேமராவின் பின்திரையில் பஞ்சுப் பொட்டு போலத் தெரிந்துவிடும்.