கவரில் பிரித்து விற்கும் நாய்க்குட்டித் தீவனத்தை வாங்காதீர்கள்: செங்கோட்டை – புனலூர் சாலைப் பக்கத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலைப் பக்கங்களில் குடியிருந்துகொண்டு, மலைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் போய்வரும்போது வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்கிக்கொள்ளும் வழக்கமுள்ளவர்களுக்காகவும், குறிப்பாக வீட்டில் புதிதாக நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெரிய சாக்கைப் பிரித்து, பெயரோ தேதியோ இல்லாத பிளாஸ்டிக் கவர்களில் கிலோக் கணக்கில் அடைத்து, 'வெளிநாட்டு பப்பி ஃபுட்' என்று சொல்லி விற்கப்படும் தீவனத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படி வாங்கிய தீவனத்தையும், அதனோடு சேர்த்து அதே கடையில் எங்கள் தலையில் கட்டப்பட்ட கால்சியம் பொடியையும் தின்று வந்த காலத்தில்தான், எங்கள் வீட்டு ராஜபாளையம் குட்டிக்கு முன்னங்கால்கள் வளைந்து, எழுந்து நிற்பதற்கே சிரமப்படும் நிலை வந்தது.

கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. அதோடு, இதே முறையில் விற்கும் கடைகள் வேறும் இருப்பதைப் பிறகு கண்டேன். நாங்கள் வாங்கிய கடை மலைப்பாதையில் கேரளப் பகுதியில் இருக்கிறது, நடத்துபவர் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர் என்பதை மட்டும் சொல்கிறேன். புனலூரில் இருக்கும் என் மனைவியின் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் அங்கே நிறுத்தினோம். குட்டிக்கு அப்போதுதான் இரண்டு மாதம் நிறைந்திருந்தது. என்ன இனம், எத்தனை மாதம், ஊசி போட்டாயிற்றா என்றெல்லாம் அவர் அக்கறையோடு விசாரித்தார். "அண்ணாச்சி, இது பெரிய ஜாதிக் குட்டிக்குன்னே வெளிநாட்டுல இருந்து வாறது. முழுச் சாக்கு உங்களுக்கு எதுக்கு? வேணுங்கிறத மட்டும் பிரிச்சுத் தாரேன்" என்றார். எடை போட்டுக் கொடுத்த கையோடு ஒரு டப்பாவையும் எடுத்து வைத்து, "ராஜபாளையத்துக்குக் காலு நீளம்லா, கால்சியம் குடுக்கலேன்னா வளைஞ்சு போயிரும். வேளைக்கு ஒரு ஸ்பூன் கலந்து போடுங்க" என்றும் சொன்னார். நாய்கள் சம்பந்தமான பொருள்களை மட்டுமே விற்கும் கடை. பேச்சிலும் அனுபவம் தெரிந்தது.

முதலில் வயிறு கெட்டது. இளகலாகப் போனது, பிறகு சளி போல ஒட்டிக்கொண்டு போனது. கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது, தீவனம் மாறினால் அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும் என்றார். அடுத்து நடையில் மாற்றம் தெரிந்தது. முன்னங்கால்களின் மணிக்கட்டு வெளிப்பக்கமாகத் தளர்ந்து, பாதம் முழுவதும் தரையில் படிய நின்றது. வாசற்படி ஏறுவதை நிறுத்தியது. முழங்கைக்குக் கீழே தொட்டால் முனகியது. மீண்டும் கடைக்குப் பேசினோம். கால்சியம் போதவில்லை, பொடியை இரண்டு ஸ்பூனாக்குங்கள் என்ற பதில் வந்தது. இந்த ஒரு பதிலுக்காகவே அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு காசும் செலவில்லை.

எங்கள் ஊரில் இன்றும் மாட்டாஸ்பத்திரி என்றுதான் அழைக்கப்படும் அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவர், குட்டியைத் தொடுவதற்கு முன்பே, என்ன தீனி போடுகிறீர்கள், அதைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். கவரை வாங்கி, மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்துக் கொட்டினார். அவர் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டிய பிறகுதான் அதில் இரண்டு வகைத் தீவனம் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்று அடர்பழுப்பு நிறத்தில், வளர்ந்த நாய் கடித்து நொறுக்கும் அளவுக்குப் பெரிய உருண்டை. மற்றொன்று செம்மண் நிறத்தில் சிறிய வில்லை. பெரிய உருண்டை ஒன்றை உடைத்து மூக்கருகில் நீட்டினார். பலகாரச் சட்டியில் பலநாள் கிடந்த எண்ணெயின் காறல் நாற்றம் அடித்தது. சில வில்லைகளின் உடைந்த ஓரத்தில் சாம்பல் பச்சையாகப் பூஞ்சை படிந்திருந்தது. அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய் எக்ஸ்-ரே எடுத்தோம். எலும்பு நீளும் பகுதியான வளர்ச்சித் தட்டில் கோளாறு தொடங்கியிருக்கிறது, ஆனால் மீட்க முடியாத கட்டத்துக்குப் போகவில்லை என்றார்கள். இதற்கு ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்ட முடியாது என்றும், ஆனால் இந்தத் தீவனமும் இந்தப் பொடியும் இன்றோடு நிற்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு அந்தக் கடைக்கு நேரில் போனேன். எங்கள் கவர் எந்தச் சாக்கிலிருந்து வந்தது என்று காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கி உள்ளறையில் இருந்து இழுத்து வந்தார். சாக்கின் மேல் இருந்தது முழு வளர்ச்சி அடைந்த நாயின் படம். வளர்ந்த நாய்களுக்கு என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. காலாவதித் தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் தின்னர் வைத்துத் துடைத்தது போல மை கரைந்து, அந்த இடம் மட்டும் பளபளத்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு சாக்கில் தேதி அழியாமல் இருந்தது. அது முடிந்துபோன மாதம். இதைச் சுட்டிக்காட்டியதும், "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி, குட்டிக்குன்னு தனியாப் போடுறதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை" என்றார். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

எல்லாம் ஒன்று இல்லை என்பதைத்தான் நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். தீவனத்துக்கான அளவுகோல்களை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு, ஈரத்தை நீக்கிய கணக்கில், வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதமும் 8.5 சதவீதம் கொழுப்பும் வேண்டும் என்கிறது. வளர்ந்த நாய்க்கு அதே கணக்கு 18 சதவீதமும் 5.5 சதவீதமும்தான். கால்சியம் குட்டிக்குக் குறைந்தது 1.2 சதவீதம், வளர்ந்த நாய்க்கு 0.5 சதவீதம். ஆகவே வளர்ந்த நாயின் தீவனத்தை மட்டும் தின்னும் குட்டிக்குப் புரதமும் தாதுக்களும் பற்றாமல் போகலாம். அந்தக் குறையை ஒரு ஸ்பூன் பொடி ஈடுகட்டிவிடும் என்று நினைப்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

கால்சியத்துக்கு மேல்வரம்பும் உண்டு. வளர்ந்தபின் ஏறத்தாழ 32 கிலோவும் அதற்கு மேலும் எடை வரக்கூடிய பெரிய இனக் குட்டிகளுக்கு அது 1.8 சதவீதம், மற்றவற்றுக்கு 2.5 சதவீதம். வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைப் பெருமளவு உள்ளே விடாமல் தடுத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தத் தடுப்பு சரியாக அமைந்திருப்பதில்லை. போட்டதில் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்ந்துவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகள், மிகுதியான கால்சியம் குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலையையே குலைத்துவிடும் என்று காட்டின. முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள் இணையாக நீள வேண்டும். அவற்றில் ஒன்று பின்தங்கினால் மற்றது அதன் இழுப்பில் வளைந்து போகிறது. வளையாமல் இருக்கக் கொடுக்கச் சொன்ன பொடியே வளைவதற்குக் காரணமாகலாம் என்று மருத்துவர் விளக்கியபோது, அதே பொடியை எத்தனை வீடுகளில் நல்லெண்ணத்தோடு கலந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. முழுமையான, சமச்சீரான குட்டித் தீவனம் போடும் வீட்டில், மருத்துவர் எழுதித் தராத கால்சியம் டானிக்கும் பொடியும் வேண்டவே வேண்டாம். அந்த டப்பாக்களில் பலவற்றில் வைட்டமின் டி-யும் சேர்ந்திருக்கும். அதுவும் மிகுந்தால் நஞ்சாகும்.

பிரித்து விற்பதில் உள்ள கேட்டையும் சொல்ல வேண்டும். உலர்தீவன உருண்டையின் மேல் கொழுப்பைத் தெளித்துத்தான் சாக்கில் அடைக்கிறார்கள். சாக்கு திறந்ததும் அந்தக் கொழுப்பு காற்றுப் பட்டுக் காறத் தொடங்கும், வைட்டமின்கள் குறையத் தொடங்கும். நம் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் இறங்கினால் அலமாரியில் வைத்த துணியே ஈரம் கோக்கும். வாய் திறந்த தீவனச் சாக்கு என்னவாகும்? உருண்டைகளில் சேரும் மக்காச்சோளம் போன்ற தானியங்களில் வளரும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைத் தாக்கும், சமைக்கும் சூட்டில் முழுதாக அழியாது, நாய்கள் அதற்கு எளிதில் ஆட்படும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த நாய்த் தீவனத்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அந்த விவகாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்குத் தகவல் வந்தது. அங்கே சாக்கில் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இருந்ததால் திரும்பப் பெற முடிந்தது. பெயரில்லாத கவரில் வாங்கிய நாம் எந்த எண்ணைச் சொல்லிக் கேட்போம்?

எனவே வாங்கும்போது தைத்த தையல் பிரியாத சாக்கோ, சிறிய குட்டியாக இருந்தால் நிறுவனமே அடைத்த சிறிய பையோ வாங்குங்கள். விலை அதிகமாகத்தான் தெரியும். 'வளர்ச்சிப் பருவத்துக்கு' என்ற சொல்லும், முழுமையான சமச்சீர் உணவு என்ற அறிவிப்பும், பெரிய இனம் என்றால் அதற்கான தனிக் குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கில் அச்சிட்டிருக்கும் புரத அளவு ஈரத்தோடு சேர்ந்த கணக்கு. 10 சதவீதம் ஈரம் உள்ள தீவனத்தில் 26 சதவீதம் புரதம் என்றிருந்தால், ஈரத்தை நீக்கிய கணக்கில் அது ஏறத்தாழ 29 சதவீதம். வீட்டில் திறந்த பிறகு வேறு டப்பாவில் கொட்டாமல், சாக்கோடு சேர்த்தே டப்பாவில் வைத்து மூடுங்கள். தேதியும் தொகுதி எண்ணும் கடைசிப் பிடி வரை கையில் இருக்கும்.

தீவனமே வேண்டாம், வீட்டுச் சோறு போதும் என்று பலர் சொல்கிறார்கள். சோறும் கோழிக்கறியும் மட்டும் போட்டால் குட்டி விரும்பித் தின்னும், எடையும் ஏறும். ஆனால் எலும்பில்லாத கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு மிகுதி. அந்தச் சமனின்மையால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும், எலும்பு மெலிந்து முறியும். வீட்டுச் சமையல்தான் கொடுப்பேன் என்பவர்கள் குட்டியின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வேகவைத்த கோழி எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவற்றை எந்த நிலையிலும் கொடுக்க வேண்டாம்.

எங்கள் குட்டிக்குப் பொடியை நிறுத்தி, சில நாள் கஞ்சியும் வேகவைத்த கோழியும் மட்டும் கொடுத்து வயிற்றை ஆற்றிய பிறகு, பெரிய இனக் குட்டிகளுக்கான முழுத் தீவனத்தை அளந்து வேளை பிரித்துப் போடுகிறோம். வழவழப்பான டைல்ஸ் தரையில் சறுக்காமல் இருக்கச் சணல் சாக்குகளை விரித்திருக்கிறோம். கொழுகொழுவென்று வளர்க்க வேண்டாம், உள்ளங்கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும் என்பது மருத்துவரின் கண்டிப்பு. இடதுகால் ஏறக்குறைய நேராகிவிட்டது; வலதுகாலில் சிறு வளைவு இன்னும் இருக்கிறது, அது நிற்குமா போகுமா என்பது வளர்ச்சி முடியும்போதுதான் தெரியும்.

ஏமாற்றப்பட்டவர்கள் எல்லை தாண்டிய கடை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, மாதம், ஆண்டு, விலை எதுவும் அச்சிடாமல் முன்கூட்டியே கவரில் அடைத்து விற்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளுக்கு எதிரானது. கேரளத்தில் எடை, அளவுகளைக் கண்காணிக்கும் லீகல் மெட்ராலஜி துறையிலும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிலும் அதைப் புகாராகக் கொடுக்கலாம். இதே போன்ற கவரில் நீங்களும் வாங்கியிருந்தால், மிச்சத் தீவனத்தைக் குப்பையில் கொட்டிவிடாமல், கவரோடும் பில்லோடும் கட்டி வையுங்கள். குட்டியின் மருத்துவச் சீட்டுகளையும் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள்.