பெஸ்லி: அதட்டாமல் கனத்து நிற்கும் எழுத்துரு

புத்தக அட்டைகளும் மளிகைப் பொருள்களின் லேபிள்களும் வடிவமைப்பது என் தொழில். ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு பெயர், தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும், ஆனால் அதட்டவும் கூடாது என்று யார் கேட்டாலும் நான் முதலில் திறப்பது பெஸ்லியை. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். திறந்த உரிமம் என்பதால் வணிக வேலைக்கும் தயங்க வேண்டியதில்லை.

லண்டனில் அச்செழுத்து வார்த்த ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்படச்சாலையிலிருந்து 1845-இல் கிளாரண்டன் எழுத்தை வெளியிட்ட ராபர்ட் பெஸ்லியின் பெயர்தான் இதற்கு; அந்தக் கிளாரண்டனின் வழி வந்த எழுத்துருதான் இது. அன்று அந்த எழுத்தைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். மூன்று ஆண்டுதான் சட்டப் பாதுகாப்பு இருந்தது. அது முடிந்ததும் மற்ற வார்ப்படச்சாலைகள் போட்டி போட்டு நகலெடுத்தன.

கிளாரண்டன் என்றதும் பலருக்குக் குற்றவாளியைத் தேடும் பழைய அமெரிக்க 'வான்டட்' போஸ்டர்தான் நினைவுக்கு வருகிறது. அது பெரும்பாலும் ஃபிரெஞ்சு கிளாரண்டன்: தண்டு மெலிந்து, மேலும் கீழும் பாதங்கள் (கோட்டு முனைகளில் நிற்கும் சிறு குறுக்குக் கட்டைகள், 'செரிஃப்') மட்டும் வீங்கிய மர எழுத்து. மூல கிளாரண்டனின் குணம் வேறு. சாதாரண எழுத்துக்கு நடுவே ஒரு சொல்லை எடுத்துக்காட்டப் பிறந்தது அது. அகராதியில் தலைச்சொல் தடித்து நிற்க, பொருள் மெலிந்து தொடர்கிறதே, அந்த வேலைக்கு அத்தனை பொருத்தம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பழுப்புப் பலகைகளிலும் வெகுகாலம் வெள்ளை நிறத்தில் இதுவே நின்றது. வழி காட்டும் எழுத்து. வேஷம் கட்டும் எழுத்து அல்ல. இதை மனதில் வைத்துப் பயன்படுத்தினால் பெஸ்லி ஏமாற்றாது.

இதன் அழகு எங்கே என்று கேட்டால் பாதங்களைக் காட்டுவேன். 'எகிப்தியன்' எனப்படும் பழைய தடித்த பாத எழுத்து வகைகளில் பாதம் தண்டோடு செங்கோணமாக முட்டி நிற்கும். இங்கே ஒரு வளைவோடு இறங்கிச் சேர்கிறது, அதனால் கனம் உறுத்துவதில்லை. சிறிய 'ஏ', 'ஆர்', 'ஒய்' முனைகளில் உருண்டு திரண்ட குமிழ்கள். பெரிய 'ஆர்' காலை நீட்டி நுனியைச் சற்று மேலே தூக்கும். அந்த ஒரு கால் போதும், பெயருக்கு முகம் வந்துவிடுகிறது!

தடிமன் 400 (சாதாரணம்) முதல் 900 (மிகத் தடிப்பு) வரை உண்டு. 900 ஒரே ஒரு சொல்லுக்கு, பெரிய அளவில். விலை, எடை, உட்தலைப்புகளுக்கு 600 அல்லது 700. பத்தி பத்தியாக இதில் அடுக்குவதை நான் ஏற்க மாட்டேன். எழுத்துகள் அகலமானவை, வரியை விழுங்கிவிடும், கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும். எழுத்து இடைவெளியையும் ரொம்ப நெருக்காதீர்கள். பாதங்கள் மோதினால் சொல் கருந்திட்டாகிவிடும்.

தமிழ் எழுத்துகள் இதில் கிடையாது. பக்கத்தில் தமிழ் வரவேண்டிய லேபிளில் 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்ற எழுத்துருவின் தடித்த வடிவத்தை வைக்கிறேன். ஒரே பாயின்ட் அளவில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். ஒரு தாளில் அடித்துப் பார்த்து, தமிழின் அளவைத் தனியாக முடிவு செய்யுங்கள்.

நான் அதிகம் பரிந்துரைப்பது ஒற்றை நிற வேலைகளுக்கு: பழுப்புக் காகிதப் பை, துணிப்பை, ஸ்கிரீன் பிரிண்டிங். மை கொஞ்சம் பரவினாலும் தடித்த பாதங்கள் தாங்கிக்கொள்கின்றன. மெல்லிய கோடுகள் கொண்ட எழுத்துருக்கள் உடைந்துபோகும் இடத்தில் இது முழுசாக விழுகிறது.