தங்கம் அரிக்கும் பெட்டியும் 1,130 டாலரும்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருக்கும் நம்மவர்கள் யாராவது வார இறுதியில் ஓடையில் தங்கம் அரிக்கலாம் என்று ஸ்லூஸ் பெட்டி (ஓடும் தண்ணீரில் வைத்துச் சரளையைக் கொட்டினால், குறுக்குப் பட்டைகளிலும் அடிப்பாயிலும் தங்கத்தைப் பிடித்துவைக்கும் நீளப் பெட்டி) தேடிக்கொண்டிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கும் என் மச்சினனுக்கும் 1,130 டாலர் போனது. அதில் 600 திரும்பி வந்தது. வந்த விதத்தையும் சொல்கிறேன்.

ஆளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரையும் சொல்ல மாட்டேன். மேற்குக் கரையில் ஓடையின் பெயரைச் சொன்னாலே ஆளைக் கைகாட்டின மாதிரிதான், அவ்வளவு சின்ன ஊர்கள்.

விளம்பரத்தில் பெட்டி 480 டாலர், ஓடையிலேயே வைத்துக் காட்டி அரை நாள் பயிற்சி 300 டாலர் என்று போட்டிருந்தது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் பாஸ் தாண்டிப் போனோம். இறங்கிய ஐந்தாவது நிமிடம் சாண்ட்ஃப்ளை என்கிற கடிக்கும் பூச்சி பிடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆள் நல்ல பேச்சுக்காரர். முழங்கால் ஆழத் தண்ணீரில் பெட்டியை வைத்தார், நாலு கல்லை அண்டக் கொடுத்தார், சரளையை மண்வெட்டியால் அள்ளி அள்ளிக் கொட்டச் சொன்னார். "பெட்டி பாட்டுக்கு ஓடட்டும், அதுவரை தட்டில் அரிக்கப் பழகுங்கள்" என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் பான் கொடுத்தார்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். அவர் கையால் சுருட்டிய சிகரெட் ஒன்றை வாயிலேயே வைத்திருந்தார். நான் பாதி அரித்ததும், "கடைசிச் சுற்றுக்குக் கைப்பழக்கம் வேண்டும்" என்று பானை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார். குனிந்து சுற்றுவார். சாம்பல் பானுக்குள்ளேயே உதிரும், அதையும் சேர்த்து அலசுவார். திருப்பிக் கொடுக்கும்போது கருமணலின் ஓரத்தில் மூன்று நான்கு மஞ்சள் துகள். மச்சினன் பானிலும் அப்படியே. "மாமா, குந்துமணி அளவு இருக்குங்க!" என்று கத்தினான். எள்ளில் கால்வாசிகூட இல்லை, ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்கும் குந்துமணியாகத்தான் தெரிந்தது. மொத்தம் 14 துகள், ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தார். கையோடு, "மோட்டார் பம்ப் இருந்தால் இதில் பத்து மடங்கு எடுக்கலாம்" என்று 350 டாலருக்கு அதையும் தலையில் கட்டினார்.

அவர் விற்றது பெட்டி. தங்கம் காட்டியது பானில். அன்று முழுக்கப் பெட்டியை ஒருமுறைகூடத் திறந்து கழுவிக் காட்டவில்லை. கோயம்புத்தூர்க்காரன் நான், நகைப்பட்டறைகள் இருக்கும் தெருவில் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பவர்களைச் சின்ன வயதில் மணிக்கணக்காக நின்று பார்த்தவன். எனக்கே உறைக்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் ஒரு யூட் வண்டி வந்து நின்றது. அந்த இடம் வேறொருவரின் சுரங்க அனுமதிக்குள் இருக்கிறதாம். நம்மாள் எதையோ சொல்லிச் சமாளித்தார், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களை ஏற்றினோம். இந்த நாட்டில் மண்ணுக்குள் இருக்கும் தங்கம் அரசுக்குச் சொந்தம், 1991ஆம் வருட கனிமச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. சொந்த நிலமாக இருந்தாலும் அனுமதி வேண்டும். விதிவிலக்கு, பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய அரிப்புப் பகுதிகள்: அரோடவுன் பக்கம் அரோ ஆறு, லாரன்ஸ் அருகே கேப்ரியல்ஸ் கல்லி, ராஸில் ஜோன்ஸ் க்ரீக் மாதிரி. அங்கே அனுமதி வேண்டாம், கிடைப்பது உங்களுக்கே. ஆனால் பான், மண்வெட்டி, சல்லடை, ஸ்லூஸ் பெட்டி போன்ற கைக்கருவிகள் மட்டும்தான், மோட்டார் கூடாது. ஆக, எங்களிடம் விற்ற பம்ப்பை நாங்கள் போகக்கூடிய எந்த ஓடையிலும் இயக்க முடியாது. யாருக்கு எங்கே அனுமதி இருக்கிறது என்பதற்கு அரசின் வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முன்னாடியே பார்த்திருக்கலாம்.

அதற்கப்புறம் இரண்டு வார இறுதிகள் பொது இடங்களில் பெட்டியை வைத்துப் பார்த்தோம். ஒரு துகள்கூட இல்லை. மூன்றாவது முறை ஆறு மணி நேரம் ஓட்டி அரோ ஆற்றுக்குப் போனோம். 1862இல் ஜாக் தேவா என்பவர் தங்கம் கண்ட ஆறு, இன்றும் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேராவது பானோடு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட வயதான அம்மா ஒருவர் எங்கள் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து வந்து, குறுக்குப் பட்டையை விரலால் தடவி, "இதைத் தலைகீழாக அல்லவா மாட்டியிருக்கிறார்கள்" என்றார்.

பட்டையின் மேல்விளிம்பு தண்ணீர் போகும் திசையில் வளைந்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் பட்டைக்குப் பின்னால் தண்ணீர் சுழலும், கனமானது அந்தச் சுழலுக்குள் விழுந்து தங்கும். தங்கம் தண்ணீரைப் போல 19 மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்கு சொச்சம்தான், அந்த வித்தியாசத்தை நம்பித்தான் பெட்டியே இருக்கிறது. எங்கள் பெட்டியில் விளிம்பு எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. சாய்வும் தப்பு. ஒரு அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் இறக்கம் என்பது பொதுக் கணக்கு, நாலு அடிப் பெட்டிக்குப் பத்து சென்டிமீட்டர். அவர் சொல்லிக் கொடுத்தபடி நாங்கள் கிட்டத்தட்டச் சமமாக வைத்திருந்தோம். கருமணல் பட்டைகளுக்கு நடுவே செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது, அதன் மேல் எது வந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"பெட்டியில் நீங்கள் எவ்வளவு தங்கம் போட்டீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குப் புரியவில்லை. எண்ணி வைத்த துகள்களைத் தலைமாட்டில் சரளையோடு போட்டு, ஓடவிட்டு, கழுவி எண்ணிப் பார்ப்பதுதான் பெட்டிக்குப் பரீட்சையாம். நல்ல பெட்டியில் பெரும்பாலும் முதல் சில அங்குலத்திலேயே சிக்கிவிடும். குப்பியிலிருந்து பத்தைப் போட்டோம், பெட்டியின் கீழ்வாயில் அவருடைய தொட்டியை ஏந்திக்கொண்டோம். கழுவலாம் என்று அடிப்பாயைத் தூக்கினால் வரவில்லை. சிலிக்கானால் ஒட்டியிருந்தது! கழற்றிக் கழுவ முடியாத ஸ்லூஸ் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மச்சினன் கோபத்தில் ஸ்க்ரூடிரைவரால் கிழித்தே எடுத்தான், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சொட்டையும் விழுந்தது. மூன்று துகள் இருந்தது. ஏழு தொட்டிக்குப் போயிருந்தது.

அந்த ஏழில் ஒன்றை லென்ஸில் பார்த்துவிட்டுத்தான் அவர் முகம் மாறியது. ஆற்றில் உருண்டு வரும் தங்கம் ஓரம் மழுங்கி, தட்டையாக இருக்கும். எங்களுடையதில் நேரான கீறலும் கூர்மையான முனையும். அரத்தால் ராவிய தூள். கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு நகைக்கடையில் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள், 9 காரட். இங்கே மோதிரம் செய்கிற தங்கம். சிகரெட்டில் புகையிலையோடு சுருட்டி வைத்துச் சாம்பலோடு தட்டியிருக்கிறார். இது பழைய வித்தைதானாம், சுரங்கத் தொழிலில் 'சால்டிங்' என்பார்கள். 1997இல் கவிழ்ந்த பிரீ-எக்ஸ் என்ற சுரங்கக் கம்பெனி விவகாரத்தில் இதற்கு நேர் தலைகீழ்: இந்தோனேசியாவில் பாறை மாதிரிகளில் ஆற்றுத் தங்கத்தைக் கலந்திருந்தார்கள், பாறைத் தங்கம் ஏன் உருண்டையாக இருக்கிறது என்ற கேள்வி அங்கே வந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 9 காரட் இலேசு, அதை வைத்துப் பெட்டியைச் சோதித்தது சரியில்லை. பிறகு அசல் ஆற்றுத் தங்கம் பத்துத் துகள் வாங்கி, பாயைத் திரும்ப விரித்து, சாய்வையும் சரியாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். பத்தில் ஆறு துகள் போய்விட்டது.

பணம் கேட்டபோது, "தனியார் விற்பனை, திருப்பித் தர மாட்டேன்" என்றார். அவர் போட்ட பழைய விளம்பரங்களை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். தொடர்ந்து விற்பவர் வியாபாரிதான், அவர் விற்ற பொருள் சொன்ன வேலையைச் செய்யவில்லை என்றால் 1993ஆம் வருட நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் நம் பக்கம். பத்து நாள் கெடு வைத்து, தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகப் போவதாக மெயில் அனுப்பினேன். அங்கே வக்கீல் வைக்க முடியாது, அவரவர் பேச்சை அவரவரே பேச வேண்டும். நகைக்கடைச் சீட்டையும் மச்சினன் எடுத்த வீடியோவையும் இணைத்திருந்தேன். சாம்பல் உதிர்வது அதில் நன்றாகவே தெரியும். ஒன்பதாவது நாள் போன் வந்தது. 600 தருகிறேன், பெட்டியையும் பம்ப்பையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். அலைய முடியாமல் ஒத்துக்கொண்டோம். கெடு முடியக் காத்திருந்து தீர்ப்பாயத்துக்கே போயிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

ஏனென்றால் போன வாரம் அந்தப் பெட்டி மறுபடி விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. "ஒரே ஒருமுறை பயன்படுத்தியது, தங்கம் எடுத்தது", 520 டாலர். பாய் புதிது, ஓரத்தில் சிலிக்கான் பளபளக்கிறது. பட்டைகள் அதே பக்கம்தான் வளைந்திருக்கின்றன. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பக்கவாட்டில் மச்சினன் போட்ட சொட்டை தெரியும்.